தொட்டில் போர்டும் சிவப்பு அட்டையும்

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வெஸ்லின் சர்ச்சிலிருந்து வந்ததும் வராததுமாய், இன் பண்ணிய சட்டையைக்கூட வெளியே எடுக்காமல், கூடத்தின் நடுவில் நின்று பிரகடனம் செய்தான்.

"இன்னியிலிருந்து நம்ம வீட்டுல ஃபைவ் எஸ்!"

மனைவி லிபியா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"கம்பெனியில உங்களுக்கு வேலை கொறஞ்சிருச்சுங்களா?"

ஓசூரில் ஃபைவ் எஸ் என்றால் யாரும் அகராதி தேட மாட்டார்கள். சிப்காட் தொழிற்சாலைகளில் எல்லோரையும் படுத்தி எடுக்கிற, எஸ்ஸில் தொடங்கும் ஐந்து கட்டளைகள் கொண்ட ஜப்பான் ஒழுங்குமுறை அது. தேவையில்லாத சாமானைத் தேடிப்பிடித்து, அதன் கழுத்தில் சிவப்பு அட்டை கட்டி, கெடு வைப்பார்கள். கெடுவுக்குள் அதை யாராவது வேலைக்கு எடுத்தால் பிழைத்தது. எடுக்காவிட்டால் பழைய இரும்புக்கடை. பிரேக் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வெஸ்லின் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர். மாதம் ஒருமுறை அட்டை கட்டிக் கட்டி அவன் கையில் அந்தத் தினவு ஏறியிருந்தது.

ஆனால் இந்தப் பிரகடனத்துக்குக் காரணம் ஒழுங்கு அல்ல. அவனுக்கு ஒரு புது போர்டு வேண்டும்.

போர்டு என்றால் சீட்டுக்கட்டு அளவில் இருக்கும் முழுக் கம்ப்யூட்டர். ராஸ்பெரி பை என்று பெயர். அவன் முதன்முதலில் அதை வாங்கப்போவதாகச் சொன்னபோது, பக்கத்து வீட்டு சரசம்மா, "பையா? எங்கூட்டுல கட்டைப்பை நாலு தொங்குது, எடுத்துக்கோயேம்ப்பா" என்று சொன்னது இன்றுவரை அந்தத் தெருவில் செல்லுபடியாகும் நகைச்சுவை. மகள் கெசியா பிறந்த வருஷம் அது. ஆர்டர் போட்டு இரண்டு மாதம் காத்திருந்து வாங்கினான். ஒரு சுமாரான சேலை விலைதான். டிவியில் மாட்டி, அதன் சின்னச் சிவப்பு விளக்கு முதல்முறை எரிந்தபோது, ஏதோ தானே பெற்றெடுத்தது போல உட்கார்ந்து பார்த்தான். பக்கத்தில் தொட்டிலில் நிஜமாகவே பெற்ற குழந்தை அழுதுகொண்டிருந்தது வேறு விஷயம்.

அந்தக் காலம் இப்போது இல்லை. மெமரி சிப்புக்கு உலகம் முழுக்க அடிதடி. போர்டு விலை ஏறி உட்கார்ந்துகொண்டது. சரசம்மாவின் மகன் பிரகாஷ், அவனும் அதே கம்பெனிதான், டீ குடிக்கிற நேரமெல்லாம் ஒரே பாட்டு பாடினான்.

"ண்ணா, அந்தக் காசுக்கு பெங்களூர்ல ஆபீஸ்காரங்க கழிச்சுக் கட்டின குட்டிக் கம்ப்யூட்டரே கெடைக்குது. பெட்டி, டிஸ்க், சார்ஜர் எல்லாம் இருக்குது. உன்னோடதுல போர்டு மட்டும்தான் வரும். மீதிய நீ பொறுக்கணும்."

"அதுல பின் இருக்குதாடா? ஒயர் சொருகி ஒரு லைட்டு எரிய வெக்க முடியுமா?"

"லைட்டுக்கு முந்நூறு ரூபா குட்டி போர்டு போதும்ணா."

"அது ரொம்பச் சின்னது."

"குட்டிக் கம்ப்யூட்டரு?"

"அது ரொம்பப் பெருசு."

"அப்ப ஸ்விட்சு போட்டு லைட்டு எரிய வெய்யிண்ணா. அளவா இருக்கும்."

பிரகாஷுக்குப் புரியாது. அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போது வரும் அந்த வாசனை வேண்டும். முதல் விளக்கு எரிகிற நிமிஷம் வேண்டும். இன்னும் உள்ளே போய்ப் பார்த்தால் வெஸ்லினுக்கு வேண்டியிருந்தது போர்டே இல்லை. அன்றைய முப்பத்தொரு வயசு, குறுக்கே தொட்டில் கட்டிய ஒற்றை அறை, இதே தெருவில் கால் நீட்டினால் சுவர் இடிக்கும் அந்த வாடகை வீடு. அதையெல்லாம் எந்தக் கடையும் விற்பதில்லை. போர்டு விற்கிறார்கள்.

தடையாக இருந்தது லிபியாவின் ஒற்றை வாக்கியம். எப்போது பேச்செடுத்தாலும் அவள் பரண் பக்கம் கையைக் காட்டுவாள்.

"பிஸ்கட் டின்னுல அஞ்சு போர்டு தூங்குது. மொதல்ல அதுல ஒண்ண எழுப்புங்க."

இதற்குப் பதில் கிடையாது. பதில் இல்லாத கேள்வி கேட்பவரின் வாயை எப்படி அடைப்பது? அவள் பக்கமும் தூங்குகிற சாமான் இருக்கிறது என்று காட்டிவிட்டால் போதும். அதற்குத்தான் ஃபைவ் எஸ். சமையலறையில் சிவப்பு அட்டை தொங்கத் தொங்க, அவள் வாய் தானாக மூடும் என்பது வெஸ்லின் போட்ட கணக்கு.

அரைமணி நேரத்தில் கட்டி முடித்தான். பித்தளை இடியாப்பக் குழலுக்கு ஓர் அட்டை. சாண்ட்விச் போடும் மெஷினுக்கு ஒன்று. ஜூஸ் பிழிகிற ஜாருக்கு ஒன்று. மாமியார் சீதனமாய்க் கொடுத்த தையல் மெஷினுக்குக் கொஞ்சம் பயத்தோடு ஒன்று.

"ரூல் ரொம்ப சிம்பிள்," என்றான். "அடுத்த ஞாயித்துக்கிழமை ஆடிட். அதுக்குள்ள வேலைக்கு வராத சாமான் ஜூஜுவாடி கரியப்பன் இரும்புக்கடைக்குப் போயிரும். அழுதாலும் போயிரும்."

"நல்ல ரூலுங்க," என்றாள் லிபியா.

வெஸ்லினுக்கு இங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஆனா ஒண்ணுங்க. கம்பெனியில ஒரு டிபார்ட்மென்ட்ட அதே டிபார்ட்மென்ட்டா ஆடிட் பண்ணும்?"

"பண்ணாது. கிராஸ் ஆடிட்தான். அவங்க இவங்கள, இவங்க அவங்கள..."

சொல்லும்போதே அவனுக்கு உறைத்தது. லிபியா ஒரு ஸ்விட்ச் கம்பெனியில் ஆறு வருஷம் அசெம்ப்ளி லைனில் நின்றவள் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. அவள் அந்தக் காலத்தில் இந்த அட்டையை வாங்கியும் இருக்கிறாள், கட்டியும் இருக்கிறாள். இப்போது கொத்தமல்லியை ஓரம் வைத்து, கையைத் துடைத்து, ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கி, அவன் கையிலிருந்த கட்டிலிருந்தே ஓர் அட்டையை உருவி, அதன் மூடியில் அழகாக முடிச்சுப் போட்டாள்.

"உள்ள அஞ்சு உருப்படி. அஞ்சும் வேலை செய்யணும். ஒண்ணு தூங்கினாலும் கரியப்பன் கடை. உங்க ரூலுதான்."

"லிபியா, அது வந்து... ஹாபி."

"ஃபைவ் எஸ்ஸுல ஹாபின்னு ஒரு எஸ் இருக்குதுங்களா?"

இல்லை.

திங்கட்கிழமை காலையே தட்டில் இடியாப்பம் வந்து விழுந்தது. சாயங்காலம் சாண்ட்விச். மறுநாள் கிர்ணிப்பழ ஜூஸ். தையல் மெஷின் கடகடவென்று ஓடி, தலையணை உறையெல்லாம் புதுசாயிற்று. அவன் கட்டிய அட்டைகளை லிபியா ஒவ்வொன்றாய் அவிழ்த்து அவன் கண்முன்னேயே குப்பைக்கூடையில் போட்டாள். சாப்பிட்டவனும் அவனே என்பதால் எதிர்க்க வாய் ஒழியவில்லை.

அவன் பக்கத்து அட்டை மட்டும் தொங்கியது.

செவ்வாய்க்கிழமை கம்பெனி விட்டு வந்து டின்னைத் திறந்தான். பெயின்ட் பிரஷ் வைத்துத் தூசி தட்டத் தட்ட, ஒவ்வொரு போர்டோடும் பழைய வருஷம் ஒன்று வெளியே வந்தது. இது கெசியாவின் ஸ்கூல் எக்சிபிஷனில் டிராபிக் சிக்னலாய் நின்றது. பச்சையும் சிவப்பும் சேர்ந்தே எரிந்து, ஹெட்மிஸ்ட்ரஸ் நடப்பதா நிற்பதா என்று தெரியாமல் திகைத்தார். இது ஊரடங்கில் கம்பெனி மூடிக்கிடந்தபோது வாங்கியது. மழை வருமா என்று சொல்லும், மழை வந்த பிறகு சொல்லும். இது எங்கேயோ ஒரு மூலையில் பாட்டுப் பெட்டியாய் இருந்தது. இது, லிபியாவின் தம்பி ஜேம்ஸுக்காக நாட்றாம்பாளையத்துக் கேழ்வரகுக் காட்டில் யானை விரட்ட வைத்தது. அசைவு தெரிந்தால் பட்டாசுச் சத்தம் போட வேண்டும். யானை வந்தது, நின்றது, தின்றது, போனது. போர்டு பேசவில்லை. விடியற்காலையில் ஜேம்ஸ் சேதம் பார்க்கப் போனபோதுதான் படபடவென்று வெடித்தது. இப்போது பள்ளி லீவுக்குக் கெசியா அந்த மாமா வீட்டில்தான் இருந்தாள். போனில் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

கடைசியில், ஒரு பழைய குழந்தைத் துணியில் சுற்றி, ஐந்தாவது. முதல் போர்டு. தொட்டில் போர்டு. அதை அவன் பிரிக்காமல் ஓரமாய் வைத்தான்.

"ஏம்மா லிபியா, இதுங்கள எந்த வேலைக்குத்தான் வெக்கறது?"

லிபியா இந்தக் கேள்விக்காகப் பல வருஷமாய்க் காத்திருந்தவள் போலத் திரும்பினாள்.

"டேங்க் ரொம்பி தெருவெல்லாம் தண்ணி ஓடுது. மோட்டார நிறுத்த நான்தான் ஓடறேன்."

"சரி."

"குக்கர் விசில எண்ணி எண்ணி எனக்கு ஜெபமே ஓட மாட்டேங்குது."

"சரி."

"கேட்டுல யாருன்னு பாக்க அடுப்ப விட்டுட்டு ஓடறேன். மொட்டை மாடியில வடாம் காய வெச்சா காக்காதான் திங்குது."

"நிறுத்து, நிறுத்து. இதெல்லாம் எப்பவாச்சும் எங்கிட்ட சொல்லியிருக்கியா?"

"கல்யாணம் ஆன நாளா சொல்றேங்க."

அன்றிலிருந்து வெஸ்லின் சாயங்காலங்களில் மனுஷனாக இல்லை. எக்சிபிஷன் போர்டு தண்ணீர் டேங்க்குக்குப் போயிற்று. நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கும், காலியானால் தானாக ஓடும். மதில்மேல் எட்டிப்பார்த்த பிரகாஷ், "இதுக்கு ஒரு மிதவை போதும்ணா, கம்ப்யூட்டரா?" என்றான். "டின்னுல எது இருக்குதோ அதத்தாண்டா வெக்க முடியும்" என்று அழாத குறையாகச் சொன்னான் வெஸ்லின்.

மழைப் போர்டு கேட்டுக்குப் போயிற்று. மணி அடித்தால் டிவியில் முகம் தெரியும், ஒரு குரல் கேட்கும். ஓசூர் கேட் என்பதால் மூன்று பாஷையும் வேண்டும். தமிழுக்கும் கன்னடத்துக்கும் ஒரே "யாரு" போதுமானதாக இருந்ததால் தெலுங்கு "எவரு"வை மட்டும் தனியாகப் பதிவு செய்தான். யானைப் போர்டு மொட்டை மாடி ஏறியது. யானைக்கு அசையாத அந்தப் போர்டு ஒரே ஒரு காக்கைக்கு வெடித்த வெடியில், தெருவே கல்யாண ஊர்வலம் என்று வாசலுக்கு வந்தது.

பாட்டுப் பெட்டி குக்கருக்கு. முதல் நாள் அது சரசம்மா வீட்டுக் குக்கரையும் சேர்த்து எண்ணி, பருப்பு வேகாமல் நெற்றுநெற்றாய் இருந்தது. மைக்கைத் திருப்பி வைத்த பிறகு திருந்தியது. மூன்று விசில் ஆனதும் வெஸ்லினின் சொந்தக் குரல் கணீரென்று சொல்லும்: "மூணு விசில் ஆச்சு! வந்து அடுப்ப அணைங்க!"

"உங்க குரல் எதுக்குங்க?" என்றாள் லிபியா.

"சமையல்கட்டுல நம்ம குரலும் கேக்கட்டுமே. ஒரு மரியாதை."

சனிக்கிழமை வந்துவிட்டது. நான்கு முடிந்தது. ஐந்தாவதுதான் தொண்டையில் முள்.

தொட்டில் போர்டுக்கு வயசாகிவிட்டது. இந்தக் காலத்து வேலை எதைக் கொடுத்தாலும் மூச்சு முட்டி நின்றது. அதற்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். கெசியா கைக்குழந்தையாக இருந்தபோது லிபியாவுக்கு மத்தியான ஷிப்ட். பால் புட்டியைக் கொடுத்தால் குழந்தை குடிக்கும், ஆனால் அம்மா குரல் கேட்காமல் தூங்காது. வெஸ்லின் பாடிப் பார்த்தான். அழுகை கூடிற்று. அப்போதுதான் லிபியாவைப் பாடச் சொல்லிப் பதிவு செய்து, குழந்தை வீறிட்டால் தாலாட்டு தானாக வரும்படி அந்தப் போர்டைத் தொட்டில் கயிற்றில் கட்டினான். குழந்தை தூங்கியது. அதற்கு முன்பே வெஸ்லின் தூங்கியிருப்பான். ஷிப்ட் முடிந்து வரும் லிபியா, தகப்பனும் மகளும் வாயைப் பிளந்து கிடப்பதைப் பார்ப்பாள்.

அவன் சம்பாதித்ததில், கற்றதில், செய்ததில் அதைப்போல எதுவும் சரியாக வேலை செய்ததில்லை. அது கரியப்பன் கடைத் தராசில் பித்தளைக் குழாயோடு கிடப்பதை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. புது போர்டு ஆசை எங்கேயோ போயிருந்தது. இதைக் காப்பாற்றினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டுக்கு லிபியா வெளியாளை அழைத்திருந்தாள். சரசம்மா. அந்த ஸ்விட்ச் கம்பெனியில் லிபியாவின் லைன் லீடராய் இருந்து ரிட்டயர் ஆனவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, டேங்க், கேட், மாடி, குக்கர் என்று ஒன்று விடாமல் பார்த்தாள்.

"நாலு ஓகே. அஞ்சாவது எங்கேப்பா?"

வெஸ்லின் துணியைப் பிரித்து, போர்டை மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரை மாட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இது என்னா வேலை செய்யும்?"

"கொழந்த அழுதா தாலாட்டு பாடும்க்கா."

"கொழந்தையே ஊருக்குப் போயிருக்குது. அதும் எட்டாங்கிளாஸு. யாரு அழுவா?"

யார் அழுவது? நாற்பத்து நாலு வயது மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினான்.

"ங்ங்கா," என்றான்.

போர்டு சும்மா இருந்தது.

"சத்தம் பத்தல," என்றாள் சரசம்மா.

"ங்ங்ங்கா!"

"கீச்சுனு வரணும். ஆம்பள அழுவற மாதிரி இருக்குது."

வெஸ்லின் கண்ணை இறுக்க மூடி, முகமெல்லாம் சிவக்க, பிறந்து மூன்று மாதமானவனாய் வீறிட்டான். கேட்டில் யாரோ நின்றுவிட்டுப் போனார்கள். காக்கை பதறிப் பறக்க, மாடியில் பட்டாசு வெடித்தது. அது அடங்கியதும், மேஜைமேல் லேசாய் ஒரு கரகரப்பு. பிறகு குரல்.

*பஸ்ஸு ஏறி அம்மா வருவா, ஆராரோ*
*பத்து மணிக்கு வந்துருவா, ஆரிரரோ*

இளசான குரல். சுருதி கொஞ்சம் விலகும் குரல். நடுவில் எங்கேயோ கம்பெனி பஸ்ஸின் ஹாரன். பாட்டு நின்று, "போதுமாங்க? நிறுத்துங்க, பஸ்ஸு வந்திருச்சு!" என்று சிரிப்போடு ஓடுகிற சத்தம்.

லிபியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பாடியது ஞாபகம் இருந்தது. கேட்டது இல்லை. அது பாடிய நேரத்திலெல்லாம் அவள் லைனில் ஸ்விட்சு கோத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பாட்டில் மகள் தூங்கியது அவளுக்குச் சொல்லக் கேள்விதான். இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறாள். கண் நிறைந்து வழிந்தது. வெஸ்லினுக்கும்தான்.

சரசம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஆனாலும் ஆடிட்டர் ஆடிட்டர்தான்.

"நல்லாத்தான் பாடுது. ஆனா கொழந்த இல்லாத வீட்டுல இது தூங்கற சாமான்தான். ரூலுன்னா ரூலுப்பா."

"அக்கா, அக்கா!" என்று வெஸ்லின் பதறினான். "இது மட்டும் வேணாங்கா. நான் புது போர்டே கேக்கல, போதுமா?"

"இருங்கக்கா," என்றாள் லிபியா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இது ஸ்கிராப் இல்ல. மாஸ்டர் சாம்பிள்."

சரசம்மாவின் முகம் மலர்ந்தது. எந்தக் கம்பெனியிலும் முதன்முதலில் சரியாக வந்த உருப்படியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதை வேலைக்கும் எடுக்க மாட்டார்கள், கழிக்கவும் மாட்டார்கள். பின்னால் வருகிறதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பூட்டி வைப்பார்கள்.

"அப்படின்னா அஞ்சும் பாஸு. சாவி குவாலிட்டி டிபார்ட்மென்ட்டுகிட்ட இருக்கணும். இங்க குவாலிட்டி யாரு?"

"நாந்தாங்க்கா," என்று லிபியா போர்டைத் துணியில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

போர்டு பிழைத்தது. இனி அது அவனுடையது இல்லை, அவ்வளவுதான். வெஸ்லினுக்கு அதுவே பெரிசு. மூச்சு வந்தது. மூச்சோடு சேர்ந்து, போன ஆசையும் திரும்பி வந்தது. திடீரென்று அவனுக்கு ஒன்று விளங்கியது: டின் காலி!

"லிபியா! இப்ப ஒரு போர்டுகூட தூங்கல. நாலு வேலையில, ஒண்ணு பூட்டுல. இனி நீ பரணக் காட்ட முடியாது. புதுசு வாங்கலாம்ல?"

"தாராளமா வாங்குங்க."

"நெஜமாவா?"

"நான் என்னிக்கு வேணாம்னேன்? சரசக்கா, கம்பெனியில புது மெஷின் கேட்டா மொதல்ல என்னா கேப்பாங்க?"

"எந்த வேலைக்குன்னு கேப்பாங்க."

"எந்த வேலைக்குங்க?" என்று கேட்டாள் லிபியா, ரொம்ப அன்பாக.

வெஸ்லின் வாயைத் திறந்தான். டேங்க்... ஓடுகிறது. கேட்... பேசுகிறது. வடாம்... பத்திரமாய்க் காய்கிறது. கூடத்தைப் பார்த்தான், சமையலறையைப் பார்த்தான், மாடிப்படியைப் பார்த்தான். இந்த வீட்டில் பத்து வருஷத்துக்குத் தாங்குகிற குறைகள் இருந்தன. அத்தனையையும் ஒரே வாரத்தில் தன் கையாலேயே தீர்த்துவிட்டு நின்றான். ஒரு குழாய்கூட ஒழுகவில்லை.

"மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க," என்ற லிபியா, மடியிலிருந்த போர்டுக்கு மறுபடி ஒயரைக் கொடுத்துவிட்டு, "ம், இன்னொரு தடவ அழுங்க. கேக்கணும்" என்றாள்.

அவன் அழுதான். இந்த முறை சுலபமாகவே வந்தது.

தாலாட்டு பாதியில் இருக்கும்போது சமையலறையிலிருந்து ஒரு குரல், கணீரென்று, மரியாதையாய்க் கேட்டது: "மூணு விசில் ஆச்சு! வந்து அடுப்ப அணைங்க!"

லிபியா நகரவில்லை. பாட்டிலிருந்து காதை எடுக்காமலே அவனைப் பார்த்தாள்.

"போங்க. நீங்கதான் உங்களக் கூப்பிடறீங்க."